120 மீட்டர் ஆழக்கோடுதான் பழைய கடற்கரையா?

வரைபடப்பித்தன்:
ஜெப்கோ என்ற உலகக் கடலடி ஆழத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 120 மீட்டர் ஆழக்கோட்டை, அதாவது அதே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டை மட்டும் வரைந்தேன். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் கிட்டத்தட்ட அந்த அளவு இறங்கியிருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டன. ஒரே மாலையில் முடிந்த வேலை. இதைப் பழைய கடற்கரை வரைபடம் என்று சொன்னால் ஏன் எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள்?

உப்புக்காற்று:
நீங்கள் வரைந்தது இன்றைய கடலடியை. சுவீடனின் ஹோகா குஸ்டன் பகுதியைப் பாருங்கள். பனி விலகியபோது அங்கே இருந்த கரை, இன்று கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே, மலைச்சரிவில் கிடக்கிறது. பனியின் பாரத்தில் அமுங்கிய நிலம் பாரம் இறங்கியதும் எழுந்தது. இன்றும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் வரை எழுகிறது. பழைய கரை மலைமேல் இருக்க, நீங்கள் கடலுக்குள் தேடுவீர்கள்.

வரைபடப்பித்தன்:
அங்கே கிலோமீட்டர் கணக்கில் பனி ஏறி உட்கார்ந்திருந்தது. நான் வரைந்த சுமத்ரா, ஜாவா, போர்னியோவைச் சுற்றிய ஆழமற்ற கடலடியில், அதாவது சுண்டா திட்டில், அப்படி எதுவும் இல்லையே! எங்கோ வடக்கே உள்ள கதையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள்.

உப்புக்காற்று:
சரி, பனியை விடுங்கள். வண்டல்? வடகடலில் மூழ்கிய டாகர்லாந்து என்ற பழைய நிலப்பரப்பின் ஆறுகள் ஆழக்கோட்டில் தெரியவில்லை. எண்ணெய் தேடுவதற்காகக் கடலடிக்குள் அதிர்வலை அனுப்பி எடுத்த தரவைத் தோண்டிய பிறகுதான் சேற்றுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன. அன்றைய தரை வேறு, இன்றைய கடலடி வேறு.

சிப்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1931இல் அதே வடகடலில் கொலிண்டா என்ற இழுவைப் படகின் வலையில் கரிய மக்குமண் கட்டி ஒன்று சிக்கியது. உடைத்தால் உள்ளே மான்கொம்பில் செதுக்கிய, பல்பல்லாக முள் வைத்த ஈட்டிமுனை! எனக்கு அந்த மண்தான் பெரிது. நன்னீர்ச் சதுப்பில் செடிகொடி மக்கி உண்டானது அது. கார்பன் காலக்கணிப்பு செய்தால், 'இந்த இடம் இந்தக் காலத்தில் தரை' என்று ஒரு புள்ளி கிடைக்கும். முதலில் புள்ளிகள், அப்புறம் கோடு.

வரைபடப்பித்தன்:
கடல் முழுக்கத் துளை போட யாரிடம் கப்பல் இருக்கிறது? எங்கே துளையிடுவது என்று சொல்லவாவது ஒரு கோடு வேண்டாமா? தலைப்பை 'இன்றைய 120 மீட்டர் ஆழக்கோடு' என்று மாற்றுகிறேன். கோட்டை அழிக்க மாட்டேன்.

உப்புக்காற்று:
அழிக்க வேண்டாம். திட்டின் வெளிவிளிம்பில் சரிவு அதிகம், அதனால் ஆழம் சற்றுப் பிசகினாலும் 120 மீட்டர் கோடு அதிகம் நகராது. உள்ளே, தட்டையான பகுதியில் 50, 60 மீட்டர் ஆழக்கோடுகள் இரண்டையும் போடுங்கள். அந்தப் பத்து மீட்டரில் கரை எத்தனை கிலோமீட்டர் தள்ளிப்போகிறது என்று அளந்துவிட்டு வாருங்கள், மீதியைப் பேசலாம்.