விராலுக்கு ஃபிளை றொட்: 40,000 ரூபாய்க்குள்ள எது சரி?

குளக்கட்டு
வணக்கம் அண்ணைமார். ஸ்பின்னிங் பழக்கம் இருக்கு, ஃபிளை (இறகு, நூல் கட்டின பாரமில்லாத ஊசியை லைன்ர பாரத்தால எறியிறது) புதுசு. வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் விராலுக்குத்தான். பழகிறவைக்கு 9 அடி 5 ஆம் நம்பர் (நம்பர் கூடக்கூட லைன் பாரம்) நல்லதெண்டு எல்லா இடமும் எழுதியிருக்கு. றொட், றீல், லைன் சேர்த்து 40,000க்குள்ள முடியுமோ? பிறகு நந்திக்கடலில கொடுவாவுக்கும் அதுவே காணுமோ?

சோளகக்காத்து
5 ஆம் நம்பர் நுவரெலியா டிரவுட்டுக்குச் சரி தம்பி. எங்கட குளத்துக்கு 9 அடி, 8 ஆம் நம்பர். கொடுவாவுக்கும் அதுவே காணும். மீன்ர நிறையை விட, எறியிற ஃபிளையைப் பாத்துத்தான் நம்பர் எடுக்கிறது. ஃபிளைக்கெண்டு பாரம் இல்லை, லைன்ர பாரம்தான் அதைக் காவிக்கொண்டு போகுது. முதல் 30 அடி லைன் 5 ஆம் நம்பரில 9 கிராம் அளவு, 8 இல 13.6 கிராம். விராலுக்குப் போடுற தவளைப் பொப்பர் (தண்ணிக்கு மேல மிதக்கிற தவளை மாதிரி ஃபிளை) காத்தைப் பிடிக்கும். சோளகம் அடிக்கேக்க 5 ஆல எறிஞ்சால் பாதியில மடிஞ்சு காலடியில விழும்.

"ஃபாஸ்ட் அக்சன்" (நுனி மட்டும் வளையிற விறைப்பான றொட்) இப்ப வேண்டாம். மீடியம் ஃபாஸ்ட் எடுங்கோ, றொட் நடுவரைக்கும் வளையும், பின்னால லைன் இழுக்கிறது கைக்குத் தெரியும்.

தங்கூசி
கனபேர் காசு முழுக்க றொட்டில போட்டிட்டு மலிவு லைன் வாங்குவினம். றொட்டுக்கு 18,000, லைனுக்கு 12,000, றீலுக்கு 7,000 எண்டு பிரியுங்கோ. மிச்சம் லீடருக்கும் (லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவில கட்டுற மெல்லிய நூல்) பக்கிங்குக்கும் (றீலில லைனுக்கு அடியில சுத்துற நூல்). லைன் பெட்டியில "ட்ரொபிக்கல்" எண்டு இருக்கவேணும். குளிர்நாட்டு லைன் எங்கட வெயிலில இளகிப் பிசுபிசுத்து றொட்டில லைன் ஓடுற வளையத்தில ஒட்டும், பிறகு றொட்டைத்தான் குறை சொல்லுவினம்.

விராலைக் கையால லைனை இழுத்துத்தான் எடுக்கிறது, றீல் சும்மா லைன் சுத்தி வைக்க. கொடுவாவுக்கெண்டால் பிரேக் நல்லா இருக்கவேணும், உப்புத்தண்ணி பட்டால் அண்டைக்கே நல்லதண்ணியில கழுவவேணும். லீடர் 7 அடி போதும், கடைசி ஒரு அடிக்கு 40 இறாத்தல் தங்கூசி.

குளக்கட்டு
நன்றி அண்ணை. பழைய 8 ஆம் நம்பர் றொட் ஒண்டு விலைக்கு வருது, என்ன பாக்கவேணும்? கட்டில நிண்டு எறிய பின்னால இடம் காணாதே?

சோளகக்காத்து
வளையம் ஒவ்வொண்டுக்குள்ளாலயும் பஞ்சை விட்டு இழுங்கோ. நார் மாட்டினால் அதில வெடிப்பு, லைனை அரிச்சுப்போடும். துண்டுகளைப் பொருத்தினால் மூட்டில சில மில்லிமீற்றர் இடைவெளி தெரியவேணும். முட்டிக்கொண்டு நிண்டால் மூட்டு தேஞ்சு போச்சு, எறியேக்க கழரும், அரைகுறையாக் கழண்ட மூட்டுத்தான் வெடிக்கிறது. நல்ல மூட்டுக்கும் மெழுகுதிரி கொஞ்சம் தேய்ச்சு வைக்கலாம்.

கட்டில நிண்டு நேர் பின்னால எறியாதேங்கோ. பதிச்ச கல்லில பட்டு ஊசிமுனை ஒடியும். விரால் வந்து வந்து அடிக்கும், ஒண்டும் ஏறாது, ஏனெண்டும் விளங்காது. கட்டின்ர நீளத்துக்குச் சரிச்சு எறிஞ்சு, லைன் பின்னால நீளுமட்டும் பொறுங்கோ. பொறுக்காட்டி சவுக்கு மாதிரிச் சத்தம் கேக்கும், ஃபிளை அறுந்து போகும். இடம் காணாதெண்டு தண்ணிக்குள்ள இறங்கவேண்டாம், முதலை.

தங்கூசி
இன்னொண்டு. ஸ்பின்னிங் பழக்கத்தில கடிச்ச உடன றொட்டைத் தூக்குவியள். அது பிழை. றொட்டை மீனுக்கு நேர நீட்டிக்கொண்டு, மற்றக் கையால லைனை வெட்டி இழுங்கோ. தாமரைக்குள்ள பூந்த மீனை றொட்டை நிமித்தித் தூக்கினால், எந்த விலை றொட்டும் நுனியில ஒடியும்.