அப்டேட்: ஹவாசுபாய் ரத்த மாதிரி கேஸ், கடைசில என்னாச்சு

போன த்ரெட்ல சொன்னேன்ல, அமெரிக்கால கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள்ள வாழற ஹவாசுபாய் பழங்குடி மக்கள், சர்க்கரை நோய் ஆராய்ச்சின்னு நம்பி 1990கள்ல அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு ரத்தம் குடுத்தாங்க, அதை வச்சு மனச்சிதைவு நோய், இனத்தோட பூர்வீகம்னு வேற ஆராய்ச்சியெல்லாம் பண்ணிட்டாங்கன்னு. "சம்மத ஃபார்ம்ல கையெழுத்து போட்டாங்கதானே, அப்புறம் என்ன பிரச்சனை"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

கையெழுத்து போட்டாங்க, உண்மைதான். ஆனா ஃபார்ம்ல இருந்த வார்த்தை ரொம்ப பொதுவானது, அவங்ககிட்ட பேசினது சர்க்கரை நோய் பத்தி, நிறைய பேருக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி வேற. அந்த பள்ளத்தாக்குலதான் நாங்க தோன்றினோம்னு நம்பற மக்கள்கிட்ட போய், உங்க முன்னோர் ஆசியாலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க ரத்தத்தை வச்சே எழுதினா எவ்ளோ வலிக்கும், சொல்லுங்க!

விஷயம் வெளிய வந்ததே 2003ல, அந்த இனத்துப் பொண்ணு ஒருத்தங்க ஒரு பிஎச்டி வைவால உக்காந்திருந்து, இதுக்கு பர்மிஷன் வாங்கினீங்களான்னு எழுந்து கேட்டப்பதான். 

அந்த மக்கள் யூனிவர்சிட்டி தரப்பு மேல போட்ட கேஸ் முதல்ல தள்ளுபடி ஆச்சு, 2008ல அப்பீல் கோர்ட் மறுபடி உயிர் குடுத்துச்சு, 2010ல சமரசம். 41 பேருக்கு மொத்தமா 7 லட்சம் டாலர், மிச்சமிருந்த ரத்த மாதிரியும் திரும்பக் கிடைச்சுது. அதை வாங்கறப்போ அழுதிருக்காங்க. சமரசம்கறதால சம்மதம் பத்தி தீர்ப்பே வரல, அடுத்த கேஸ்ல யாரும் இதை முன்னுதாரணமா காட்ட முடியாது. எனக்கு இன்னும் ஆத்திரம் அதுலதான்.