மழைக்கால வெற்றிலையும் தரகரின் முன்பணமும்

கேள்வி:
பர்மாவில் தட்டோன் ஊர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் கொழுந்து மளமளவென்று வந்தாலும், எல்லாத் தோட்டத்து இலையும் ஒன்றாகச் சந்தைக்குச் செல்வதால் விலை சரிந்துவிடுகிறது. ரங்கூன் தரகரோ மேலே கிடக்கும் நாலு கறுத்த இலையைக் காட்டி, எடையில் வீசைக்கணக்கில் கழித்துவிடுகிறார். அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு ஆளிடமும் கொடுக்க முடியவில்லை. வழி உண்டா?

பதில் 1:
ஐயா, முதலில் கூடையைக் கவனியுங்கள். நீர் சொட்ட அடுக்கினால் எடை கூடும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஈரமே கூடைக்குள் எழும் வெப்பத்தோடு சேர்ந்து, லாரி போய்ச் சேருமுன் நடு அடுக்கை அழுகச் செய்துவிடும். பறித்த இலையை நிழலில் பரப்பி, மேல்நீர் வடிந்தபின், வாழையிலை விரித்துக் காம்புகளை ஒருபக்கமாக வைத்து, காற்றுப் புக இடம்விட்டு அடுக்குங்கள். பெரிய இலையையும் சிறியதையும் கலக்காதீர்கள்.

பதில் 2:
அடுக்குவது சரி, ஆனால் முன்பணம் இருக்கும்வரை விலையைத் தரகர்தான் சொல்வார். கடனைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டே, ஒரு பங்கு இலையையாவது உள்ளூர்க் கடைகளுக்கு நேரே கொடுக்கப் பேசிப்பாருங்கள். தோட்டத்திலேயே எடை போட்டு, அந்த எடையைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

கேட்டவர்:
நன்றி. கோடையில் இலை குறைந்து விலை ஏறும்போது தண்ணீர் பாய்ச்ச வசதி செய்யலாமா என்றும் யோசிக்கிறோம்.