மறு: ‘கோஸ்ட் ரைட்டர்’ – கேட்டெழுத்தாளர் என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிறருக்காக அவர்கள் பெயரில் எழுதிக்கொடுப்பவரை ஆங்கிலத்தில் ‘கோஸ்ட் ரைட்டர்’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் நம் கேள்வி. இதுவரை வந்த சொற்களில் ‘பேய் எழுத்தாளர்’ வெறும் நேர்ப்பெயர்ப்பு, விட்டுவிடலாம். ‘பினாமி எழுத்தாளர்’ என்றால் நில மோசடி வழக்கு போல ஒலிக்கிறது. ‘சார்பெழுத்தாளர்’ நல்ல முயற்சிதான், ஆனால் நன்னூல் படித்தவர்களுக்குச் ‘சார்பெழுத்து’ என்ற இலக்கண வகையில் வரும் குற்றியலுகரமும் ஆய்தமும்தான் முதலில் நினைவுக்கு வரும். மிச்சம் இருப்பது ‘நிழல் எழுத்தாளர்’. பலரும் அதற்கே கைதூக்கியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தச் சொல் மறைந்திருப்பதை மட்டும் சொல்கிறது. மறைவு இல்லாமலும் இந்த வேலை நடக்கும். ராமேசுவரத்துக் கலாமின் தன்வரலாறு 1999-இல் வெளிவந்தபோது அட்டையிலேயே அதை எழுத உதவிய அருண் திவாரியின் பெயரும் இருந்தது. அவரை எப்படி நிழல் என்பது?

நான் பாம்பனில் இருந்துகொண்டு பிறருடைய வாழ்க்கையை எழுதிக்கொடுக்கிறவன். தனுஷ்கோடியில் பிறந்து, 1964 புயலில் தப்பி இங்கே குடியேறிய ஒரு படகுக்காரரின் கதையை எழுதினேன். அவர் வாயில் ‘மேற்குக் காற்று’ வராது, கச்சான்தான். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடலில் தொழில். வாடை தொடங்கினால் தென்கடலுக்கு மாறுவார்கள். அவருக்கு ஆண்டுகள் நினைவில்லை, காற்றுகள் நினைவிருந்தன. அதனால் அத்தியாயங்களையும் காற்றுகளின்படியே பிரித்தேன். நானாக யோசித்திருந்தால் இப்படி ஒரு அமைப்பு எனக்குத் தோன்றியிருக்காது.

புயல் இரவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ரயில் அடித்துப்போனதை எதிர்பார்ப்பார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. விடிந்த பிறகு குடிதண்ணீர் தேடி அலைந்ததைச் சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் அங்கேயே நிறுத்தினேன். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியதும், “நான் பேசுறது எனக்கே கேக்குது தம்பி” என்றார். என் பெயரில் வந்த எந்தக் கட்டுரைக்கும் இப்படி ஒரு மதிப்புரை கிடைத்ததில்லை. பணமும் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும்: கட்டுரைச் சன்மானத்தைவிட நல்ல தொகை, பாதி முன்பணமாகவே.

இவ்வளவும் கேட்டதால் வந்த பலன். பெயரும் அங்கிருந்தே வரட்டும்: கேட்டெழுத்தாளர்.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. போன் வராத காலத்தில் கீழக்கரை, தொண்டிப் பக்கம் தாய்மார்கள் சொல்லச் சொல்ல, சபுராளிப் பிள்ளைகளுக்கு, அதாவது கடல்கடந்து பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு, கடிதம் எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தில் ‘நான்’ என்றால் அம்மாதான், எழுதிய கை யாருடையதாக இருந்தாலும்.

பள்ளிக்கூடத்துச் ‘சொல்வதை எழுதுதல்’ நினைவுக்கு வருமே என்று மறுப்பு வரலாம். அந்த வேலைக்குச் சுருக்கெழுத்தர், தட்டச்சர் என்று பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘கேட்டெழுத்தர்’ என்று சுருக்கினால்தான் சிக்கல். எழுத்தர் என்றால் அலுவலகக் குமாஸ்தா. ‘எழுத்தாளர்’ என்று முடித்தால் ஆக்குபவர் என்ற பொருள் தானாக வந்துவிடும். கேட்டெழுத்து, கேட்டெழுதிய நூல், கேட்டெழுத்து ஒப்பந்தம் என்று கிளைச்சொற்களும் தடங்கல் இல்லாமல் வருகின்றன. அட்டையில் பெயர் வராத வகையைப் ‘பெயரிலாக் கேட்டெழுத்து’ எனலாம்.

மேடைப்பேச்சும் நாவலும் எழுதித் தருவதற்கு இது பொருந்தாது, சரிதான். அவற்றுக்குப் ‘பதிலி எழுத்தாளர்’ இருக்கட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு இருப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, வேலையே இரண்டு வகை.

நம் சொல் தொகுப்பில் ‘தன்வரலாறு’ என்ற பிரிவின் கீழ் இதைச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. எதிர்ப்பு இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.