டிராவலர் ஜெயிச்சிருக்க வேண்டிய ஆட்டம் (சாவை இழுக்காம பேசுங்க)

கருப்புப்பெட்டி: நேத்து ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்கார்: மேசையில பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடுற ஆட்டங்கள்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) இடத்தை வேற எந்த ஆட்டமும் பிடிச்சிருக்கவே முடியாதாம். ஏன் முடியாது? 1974-ல முதல் அச்சு வெறும் 1000 பெட்டி. விதிகளைப் படிச்சா தலை எது வால் எதுன்னு புரியாது. 1977 மே மாசம் ஸ்டார் வார்ஸ். அதே கோடையில விண்வெளிக் கதை ஆடுற டிராவலர். கறுப்பு அட்டை போட்ட மூணு சின்னப் புத்தகம், ஆறு முகப் பகடை ரெண்டு, அவ்வளவுதான். ஊரே விண்வெளிப் பைத்தியமா அலைஞ்ச நேரம் அது.

நாலாம்பதிப்பு: ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே நம்ம ஆள் செத்துப்போற ஆட்டம்தானே? பாத்திரத்தை உருவாக்கும்போதே அவனை ஏதாவது பணியில சேர்த்துப் பகடை உருட்டணும், எண் குறைஞ்சா சாவு. புதுசா வர்றவங்களுக்குன்னே அதே 1977-ல டி அண்ட் டி ஒரு தொடக்கப் பெட்டி போட்டாங்க. பையன் எதை எடுப்பான்?

கருப்புப்பெட்டி: வந்துட்டாருய்யா. டிராவலரோட 1981 பதிப்புல மாற்று விதி இருக்கு. சாவுக்குப் பதிலா காயம், பணியிலிருந்து வெளியே. படிச்சுட்டு வாங்க.

நாலாம்பதிப்பு: நாலு வருஷம் கழிச்சு, அதுவும் இஷ்டம் இருந்தா. 1977-ல செத்தவன் செத்தவன்தானே?

பகடைப்பிரியை: ரூன்குவெஸ்ட்னு இன்னொரு ஆட்டம், அதை ஒருத்தரும் கண்டுக்கலை. 1978. லெவலே கிடையாது, எந்தத் திறமையைப் பயன்படுத்துறோமோ அது வளரும். அதே வம்சத்து விதிகள்லதான் 1981-ல திகில் ஆட்டமான கால் ஆஃப் கத்துலு. ஜப்பான்ல அதுதான் ராஜா. ஸ்வீடன்ல 1982-ல டிராகார் ஓக் டெமோனர், அதுவும் இதே வம்சம். அந்த ஊர்கள்ல டி அண்ட் டி-க்கு ரெண்டாம் பந்திதான். முடியவே முடியாதுன்னா அது எப்படி நடந்துச்சு?

கருப்புப்பெட்டி: வாத்து வாளெடுத்துச் சண்டை போடுற ஆட்டம்தானேம்மா? அதை அப்புறம் பார்ப்போம். சாவுக் கணக்குக்கு வாங்க. கப்பற்படையில ரெண்டு பகடையும் சேர்ந்து 5-ஓ மேலயோ விழுந்தா போதும், 36-ல 30 பிழைப்பு. ஆய்வுப் பணியான ஸ்கவுட்டுக்கு 7 வேணும், 36-ல 21. ஓசியில கப்பல் கிடைக்கும்னு ஸ்கவுட்ல சேர்ந்துட்டு, செத்துட்டேன் செத்துட்டேன்னு அழுதா?

பகடைப்பிரியை: வாத்தைக் கிண்டல் பண்றவங்க அதுகிட்ட ஒரு தடவை அடி வாங்கிட்டுப் பேசட்டும்.

மொட்டைமாடி: ஓசிக் கப்பல் சரி. காசு குடுத்து வாங்குறவன் கதை? 20 சதவீதம் முன்பணம், மீதி 480 மாசத் தவணை. பகல்ல வீட்டுக்கு இஎம்ஐ, ராத்திரி விண்கலத்துக்கு இஎம்ஐயா?

நாலாம்பதிப்பு: முன்னாடியே செத்துட்டா தவணை மிச்சம்.

கருப்புப்பெட்டி: 2008-ல வந்த உங்க டி அண்ட் டி நாலாம் பதிப்பை விட்டுட்டு மறு வருஷமே அத்தனை பேர் போட்டி ஆட்டமான பாத்ஃபைண்டர் பக்கம் ஓடினாங்களே, அது எந்தச் சாவுக்குப் பயந்து?

நாலாம்பதிப்பு: அதை ஏன் இங்க இழுக்கறீங்க? போன தடவையும் இப்படித்தான், பதில் இல்லைன்னதும் என் பேரைப் பிடிச்சுக்கிட்டீங்க.

தமிழாசான்: சிறு திருத்தம். டகரம் மொழிமுதல் வராது. 'பயணி' என்றே எழுதலாமே.

கருப்புப்பெட்டி: ஐயா, பேரை மாத்தினாலும் 1981 விதி மாறாது. இப்போ உட்கார்ந்து ஆறு ஸ்கவுட் உருட்டிட்டேன், 1977 விதிப்படியே. முதல் பணிக்காலத்துல நாலு பேர் பிழைச்சாச்சு.

நாலாம்பதிப்பு: மீதி ரெண்டு பேர்?

கருப்புப்பெட்டி: காயம்.