‘சிறந்த பாதை’க்கு மாற்றுச் சொல்

புவியியல் ஆசிரியை, திருகோணமலை:
அனைவருக்கும் வணக்கம். அத்திலாந்திக் சமுத்திரத்தின் பழைய சூறாவளிகளை வரைபடத்தில் குறிக்கும் பயிற்சி ஒன்றை உயர்தர மாணவர்களுக்காகத் தயாரித்து வருகிறேன். 1851 முதல் பதிவான ஒவ்வொரு புயலுக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அகலாங்கு, நெட்டாங்கு, உச்சக் காற்று வேகம் ஆகியவற்றைத் தரும் அமெரிக்க அட்டவணையே இதற்கு மூலம். புயல் ஓய்ந்த பின்னர், கிடைத்த அவதானிப்புகளையெல்லாம் மீண்டும் ஒப்பிட்டு, புயல் சென்ற வழியாக வரையப்படும் கோடே ‘பெஸ்ட் ட்ராக்’ (best track) எனப்படும். முன்னைய கையேட்டில் அது ‘சிறந்த பாதை’ என்றிருக்கக் கண்டு, கப்பல் செல்ல உகந்த பாதையா என ஒரு மாணவி கேட்டாள். இதற்குப் பொருத்தமான மாற்றுச் சொல் தாருங்கள்; வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உப்புவெளி:
பிள்ளை, பாதை முன்னரே இருப்பது. தடம் சென்ற பின்னர் எஞ்சுவது. ஆகவே ‘தடம்’ என்பதில் ஐயமில்லை. தொல்காப்பிய உரியியல் ‘தட’ என்பதற்குப் பெருமைப் பொருள் கூறி, அது கோட்டத்தையும், அதாவது வளைவையும், உணர்த்தும் என்கிறது. மேற்கே வந்து, வடக்கே திரும்பி, வடகிழக்காக வளைந்தோடும் அத்திலாந்திக் சூறாவளிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? தேர்ந்தெடுத்த தடம் என்ற பொருளில், வினைத்தொகையாகத் ‘தேர்தடம்’ எனலாம்.

நில அளவையாளர், மூதூர்:
ஐயா, உரிச்சொல்லாகிய ‘தட’ வேறு, கால்தடத்தில் உள்ள ‘தடம்’ வேறு. 2020 டிசெம்பரில் நமக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயல் மேற்கு-வடமேற்காகவே சென்றது. வளையாததால் அதற்குத் தடம் இல்லையா? மேலும், ‘தேர்தடம்’ என்றால் பத்திரகாளி அம்மன் தேர் ஓடிய வீதி என்றே ஊரார் கொள்வர். செய்மதிகளுக்கு முந்திய காலத்துப் புயல்கள் பலவற்றுக்குச் சில கப்பல்களின் நாட்குறிப்புகளே சான்று. அவற்றிலிருந்து ஊகித்த கோட்டைச் ‘சிறந்த’ என்பது மிகை. செய்த வேலையைச் சொல்லும் ‘மீளாய்வுத் தடம்’ போதும்.

முன்னாள் வானிலை அவதானிப்பாளர், நிலாவெளி:
தடத்தை விட்டு, புயலின் வலிமையைக் குறிக்கும் ‘இன்டென்சிட்டி’யை (intensity) முன்னைய கையேட்டில் ‘செறிவு’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மாணவர்களுக்குச் செறிவு என்றால் இரசாயனவியற் கரைசல்தான். ‘கடுமை’ என்றாலோ, 1978இன் மட்டக்களப்புச் சூறாவளியை நினைத்து அழிவைக் கொண்டு அளப்பார்கள். அட்டவணையில் இருப்பது ஒரு நிமிடச் சராசரியாகக் கணித்த உச்சக் காற்று வேகம், அதுவும் ஐந்தின் மடங்காக, நொட்டில். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைக் கொள்வதால், வங்காள விரிகுடாப் புயல்களையும் அதே நிற அளவுகோலில் தீட்டினால் ஒப்பீடு பிழைக்கும். எச்சொல்லை இட்டாலும் இதை அடிக்குறிப்பில் எழுதுங்கள். என் தெரிவு ‘வீறு’.

புவியியல் ஆசிரியை:
‘வீறு’ வகுப்பில் எடுபடாது. ‘உச்சக் காற்று வேகம்’ என்றே எழுதி, சராசரி பற்றிய குறிப்பையும் சேர்க்கிறேன். தடத்துக்கு ‘மீளாய்வுத் தடம்’ என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுவதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆயினும் ‘மீளாய்வு’ என்றதும் பரீட்சை விடைத்தாளே நினைவுக்கு வரும் என்பதையும், ‘தட’வின் கோட்டப் பொருளுக்கு இங்கு எவரும் நேரான மறுப்புத் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.