டாஸ்மேனியா தீவுக்குக் கேரவனோடு பத்து நாள்: வளைவுச் சாலைகளில் இழுத்துச் செல்வது சரிப்படுமா?

கோபிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மெல்பர்னில் குடியிருக்கிறான். சென்ற ஆண்டு பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறான். கேரவன் என்றதும் நம் பக்கத்தில் படப்பிடிப்புக்கு நடிகர்கள் கொண்டுவரும் வண்டிதான் நினைவுக்கு வரும். இது அதுவன்று, என்ஜின் இல்லாமல், காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நான்கு படுக்கை வீடு. வரும் ஏப்ரல் கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான் அங்கே போகிறேன். நால்வரும் கேரவனோடு கப்பலேறி டாஸ்மேனியாவைப் பத்து நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரலாம் என்பது தம்பியின் திட்டம்.

டெவன்போர்ட்டில் இறங்கி, கிரேடில் மலை, ஸ்ட்ராஹன், குயின்ஸ்டவுன், ஹோபார்ட், கோல்ஸ் பே, லான்செஸ்டன் என்று வந்தால் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர்தான் ஆகிறது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் என்பது அப்பாவுக்குச் சிரிப்பாக இருக்கிறது. எனக்குத்தான் தயக்கம். மேற்குப் பக்கச் சாலைகள் வளைந்து வளைந்து போவதைக் காணொளியில் பார்த்தேன். அம்மாவுக்குத் திம்பம் ஏறும்போது மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் கைக்கு வந்துவிடும். முடியாத நேரத்தில் அவர் கேரவனுக்குள் படுத்தபடியே வரலாமா? அப்பா முப்பது ஆண்டுகள் டிராக்டரும் டெம்போவும் ஓட்டியவர். தானும் ஓட்டுவேன் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சங்ககிரி பழைய டிரைவர் எழுதியது:

தம்பி, அந்தத் தீவை நான் பார்த்ததில்லை. ஆனால் பின்வண்டி மாட்டி ஓட்டியே தலை நரைத்தவன். எந்த நாட்டுச் சாலையானாலும் பின்வண்டியின் குணம் ஒன்றுதான். முன்வண்டி போன தடத்தில் பின்வண்டி வராது. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திம்பத்தில் உள்ள 27 வளைவுகளில் ஒன்றில், முன்வண்டி திரும்பிவிட்டதே என்று அவசரப்பட்டு ஸ்டீயரிங்கை நேராக்கினேன். பின்னால் உள்பக்க டயர் ஓரக் கல்லில் உரசி, பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. பண்ணாரி வரைக்கும் வண்டிகள் நிற்க, நாலு மணி நேரம் எல்லாருடைய வசவையும் வாங்கிக்கொண்டு ஜாக்கி போட்டேன். ஆகவே இடப்பக்கம் திரும்பும் குறுகிய வளைவில், எதிரே வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, சற்று அகலமாக வாங்கித் திரும்ப வேண்டும். கேரவனின் சக்கரம் வளைவைக் கடந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகே நேராக்க வேண்டும். காரைவிடக் கேரவன் அகலமாக இருந்தால், நீட்டுக் கண்ணாடி இரண்டு பக்கமும் மாட்டாமல் புறப்படக் கூடாது.

லோடு ஏற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கனமான சாமான்கள் அச்சுக்கு நேராகவோ, அதற்குச் சற்று முன்பாகவோ, கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, கொக்கி மாட்டும் இடத்தில் காரின்மேல் அமர வேண்டும். தண்ணீர்க் கேனையும் அரிசி மூட்டையையும் கடைசியில் போட்டால், வேகம் கூடும்போது வால் ஆடத் தொடங்கும். ஆடினால் பயந்துபோய்ப் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரையும் அழுத்தக் கூடாது. காலை மெல்ல எடுத்துவிட்டு, கேரவனுக்கு மட்டும் தனிப் பிரேக் விசை இருந்தால் அதைக் கையால் லேசாகக் கொடுக்க வேண்டும். இறக்கத்துக்குப் பழைய விதிதான்: ஏறிய கியரிலேயே இறங்கு. கார் ஆட்டோமேட்டிக் என்றால் கீழ்க் கியரில் நிறுத்திவைக்கும் வசதியைத் தம்பி முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும்.

அப்பா டிராக்டரில் டிப்பர் மாட்டி ஓட்டியிருப்பார். ரிவர்ஸ் எடுப்பதில் தம்பிக்கு அவர் வாத்தியாராக இருக்கலாம். ஓட்டுவதைத் தம்பியே ஓட்டட்டும்.

ஹோபார்ட்டில் ஒரு பொள்ளாச்சிக்காரி எழுதியது:

வணக்கம் அண்ணா. முதலில் அம்மா விஷயம். ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஐந்து நிமிடத்துக்குக்கூட ஆகாது. அம்மாவைக் காரின் முன்னிருக்கையில் உட்கார வையுங்கள்.

பரப்பளவில் இந்தத் தீவு தமிழ்நாட்டில் பாதிதான் இருக்கும். அதனால்தான் வருகிற எல்லாரும் சுற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இங்கே தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், மணியில் கணக்கிடுங்கள். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறுவதற்கு ஆகும் நேரத்தைச் சமவெளிக் கணக்கில் யாராவது சொல்வார்களா? ஸ்ட்ராஹனில் இருந்து குயின்ஸ்டவுன் வழியாக ஹோபார்ட் வருவது 300 கிலோமீட்டர்; கேரவனோடு அது ஒரு முழுநாள் வேலை. குயின்ஸ்டவுனை விட்டு ஏறும் சாலைக்கே 99 வளைவு என்றுதான் பெயர். பழைய செம்பு உருக்காலைகளின் கந்தகப் புகையும், அடுப்புக்காக மரங்களை வெட்டியதும், விடாத மழையும் சேர்ந்து அந்த மலைகளை மொட்டையாக்கிவிட்டன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஓட்டுபவர் அதைப் பார்க்க முடியாது, பின்னிருக்கையில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

ஆகவே முழுச் சுற்றை விட்டுவிடுங்கள். கேரவனை மூன்று இடங்களில் மட்டும் நிறுத்திவைத்து, அங்கிருந்து காரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். டெவன்போர்ட்டில் இருந்து கிரேடில் மலை 80 கிலோமீட்டர். அங்கே மூன்று இரவு. டவ் ஏரிக்குப் போகும் சாலையில் கேரவனை விடமாட்டார்கள். பார்வையாளர் மையத்தில் இருந்து பேருந்து இருக்கிறது. நீங்கள் வரும் ஏப்ரல் கடைசியில்தான் அந்த மலையில் ஃபேகஸ் என்னும் குட்டை மரங்கள் இலையுதிர்க்கும் முன் மஞ்சளும் செம்பும் ஆகும். அம்மாவுக்கு நடக்க முடிந்த தூரத்திலேயே அதைக் காணலாம். பிறகு திரும்பி லான்செஸ்டன் வந்து, அங்கிருந்து ஹோபார்ட்டுக்கு 200 கிலோமீட்டர். இது அகலமான நல்ல நெடுஞ்சாலை. ஹோபார்ட்டில் மூன்று இரவு. நகருக்கு மேலே 1271 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெல்லிங்டன் மலைக்குக் காரில் மட்டும் போங்கள். அடுத்து கிழக்குக் கரையில் கோல்ஸ் பே. அங்கிருந்து திரும்பும்போது கேம்பெல் டவுன் வழியாக லான்செஸ்டன் வந்துவிடலாம். வடகிழக்கில் ஸ்காட்ஸ்டேலுக்கும் லான்செஸ்டனுக்கும் இடையே சைட்லிங் என்றொரு மலைப்பாதை உண்டு. அதையும், செயின்ட் மேரிஸ் ஊருக்கு ஏறும் யானைக் கணவாயையும் கேரவனோடு தொடாதீர்கள். யானையே இல்லாத தீவில் அந்தப் பெயர். நம் திம்பத்தில் யானை நிஜமாகவே ரோட்டில் நிற்கும்.

விலங்கு என்றதும் முக்கியமான ஒன்று. அந்தப் பருவத்தில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் வாலபி என்னும் சிறிய கங்காரு, வொம்பாட் எல்லாம் சாலைக்கு வரும். வொம்பாட் என்பது இருபத்தைந்து கிலோ எடையுள்ள உருண்டை. மோதினால் அதுவும் போகும், காரின் அடிப்பாகமும் போகும். விலங்குகள் அடிபடுகின்றன என்றுதானே 2022 முதல் திம்பத்தில் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார்கள்? இங்கே தடை இல்லை; நாமே மதியம் மூன்று மணிக்குள் நிறுத்துமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு ஆசை இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டுக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கி வரட்டும். கேரவனைக் கழற்றிய பிறகு, நேர்ச்சாலையில் காரை ஓட்டலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

திருப்பூர் அம்மணி எழுதியது:

நாங்கள் போன ஆண்டு என் மாமனார் மாமியாரோடு போய்வந்தோம். கப்பல் இப்போது மெல்பர்னில் இருந்து புறப்படுவதில்லை. 2022 அக்டோபரில் இருந்து ஜீலாங்குக்கு மாறிவிட்டது. காரையும் கேரவனையும் சேர்த்த மொத்த நீளத்துக்குத்தான் கட்டணம். பின்னால் சைக்கிள் தொங்கினால் அதையும் அளந்து சொல்ல வேண்டும். கப்பல் புறப்பட்ட பிறகு வண்டி நிற்கும் தளத்துக்குப் போக முடியாது. ஸ்வெட்டரும் இரவு மாத்திரையும் காருக்குள் மாட்டிக்கொண்டு, என் மாமியார் விடியும்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏறுமுன் கேரவனைத் திறந்து சோதிப்பார்கள். பழம், காய்கறி, செடி, விதை எதையும் தீவுக்குள் விடமாட்டார்கள். ஒரு கட்டுக் கறிவேப்பிலையை நான் கண்கலங்கத் தொட்டியில் போட்டேன். அரிசி, பருப்பு, கொள்ளுப்பொடி, புளிக்குத் தடையில்லை. அரிசிம்பருப்புச் சாதம் பத்து நாளும் ஓடும். காய்கறியை டெவன்போர்ட்டில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். கேரவன் பூங்காவில் காலை ஆறு மணிக்குக் குக்கர் விசில் அடித்து, பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்று முதல் ஏழரைக்குமேல்தான் சமையல்.

கோபிக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தம்பியிடம் பேசினேன், முழுச் சுற்றைக் கைவிட்டோம், ஸ்ட்ராஹன் அடுத்த முறைக்கு. அம்மா கேட்பது ஒன்றுதான்: கப்பல் ஆட்டம் திம்பத்தைவிட மோசமா?

திருப்பூர் அம்மணி எழுதியது:

பாஸ் நீரிணையில் அலை உண்டு அண்ணா, மறைக்க மாட்டேன். இரவுக் கப்பலில் கேபின் எடுத்து, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் கப்பலிலேயே பயன்படுத்தி முடித்துவிடச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அதையும் ஜீலாங்கிலேயே வாங்கிக்கொள்வார்கள்.